கரண்டு மாவில் கிறுக்கு இல்லை

மூணாங்கிளாஸுக்கு மேல் பள்ளிக்கூடத்தை எட்டிப் பார்க்காத ஆள் நான். அந்த ஆள் என்னென்ன கட்டினான் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன், பிறகு விஷயத்துக்கு வாரேன். கடப்பாறை பட்டால் தீப்பொறி பறக்கிற செம்பாறைப் பொட்டலில், பாம்பும் முள்ளும் குடியிருந்த இடத்தில், மாவு மில் கட்டினேன். எங்கள் பக்கத்தில் கரண்டில் ஓடின முதல் மில் அதுதான். மில்லுக்கு வண்டி வரட்டும் என்று பாதை போட்டேன். இன்றைக்கு அந்தப் பாதையில்தான் ஜம்பமாக பஸ் வந்து திரும்புகிறது. பாறையை வெடி வைத்துப் பிளந்து கிணறு எடுத்தேன், தண்ணீர் வராது என்று சொன்னவர்கள் வீட்டுக்கும் சேர்த்துத் தண்ணீர் விட்டேன். பள்ளிக்கூடத்துக்குச் சுற்றுச்சுவர் எழுப்பினேன். நான் படிக்காத பள்ளிக்கூடத்துக்கு நான் எழுப்பின சுவர்! "இவன் போர் போட்டா வைக்கோல்கூட நிக்காது" என்று என்னைச் சொன்ன ஊர் இது. சுவர் நிற்கிறது, போய்ப் பாருங்கள்.

இதையெல்லாம் ஊர் மறந்தால் மறந்துவிட்டுப் போகட்டும். ஒன்றை மட்டும் மறக்க விட மாட்டேன்.

ஊர்ச் சிவன் கோயில் கும்பாபிஷேகத்துக்கு மலர்ப் புத்தகம் போட்டார்கள். எனக்கும் ஒன்று வந்தது. எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டே போனால், ஒரு பக்கம் முழுக்க என் மச்சான் படம். கொள்ளில் கலந்திருந்த ஊமத்தை விஷத்தைத் தானே தின்று காட்டி ஊரைக் காப்பாற்றியவர் என்று கீழே போட்டிருக்கிறார்கள். அவர் போய்ச் சேர்ந்து வெகுநாளாகிறது, பிள்ளைகள் நல்ல நிலையில் இருக்கிறார்கள், அப்பனுக்குப் படம் போட்டிருக்கிறார்கள். சந்தோஷம். தின்றதென்னவோ மெய்தான், மறுக்கவில்லை. ஆனால் தின்ன வைத்தது யார்? பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து தின்ற இன்னொரு ஆள் எங்கே போனான்?

நடந்ததைச் சொல்கிறேன். கேட்டுக்கங்க.

சமஸ்தானம் போய் நம்ம சீமை திருச்சி ஜில்லாவோடு சேர்ந்து பத்து வருஷம் இருக்கும். அப்போதுதான் எங்கள் பக்கம் கரண்டுக் கம்பம் நட்டார்கள். கம்பம் நட்ட கையோடு நான் மோட்டார் வாங்கிவிட்டேன். என் வீட்டுக்காரியின் கழுத்தும் காதும் காலியானது, அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. (சொன்னாள், ஆனால் அது எழுதக்கூடியது இல்லை.) சுவிட்சைப் போட்டேன். பெல்ட் சுற்றியது. ஒரு வீட்டுப் பெண்கள் பொழுதுக்கும் திருகையில் மல்லுக்கட்டுகிற தானியம், வெற்றிலை போட்டு மென்று முடிப்பதற்குள் மாவாகி வந்தது. பட்டு மாதிரி மாவு!

அங்கேதான் ஒரு வம்பு. மில் மாவு சுடச்சுட வரும். கல் சுற்றுகிற வேகம், சுடாமல் என்ன செய்யும்? எங்கள் ஊர்ப் பெண்கள் தொட்டுப் பார்த்தார்கள். "ஆத்தாடி, கை சுடுது. உள்ள கரண்டுல்ல நிக்கிது!" என்று சொல்லிவிட்டார்கள். யார் ஆரம்பித்து வைத்ததோ தெரியாது, மில் மாவை வீட்டுக்குக் கொண்டுபோனதும் அதில் ஒரு இரும்பு ஆணியைச் செருகி, மறுநாள் வரைக்கும் வைத்திருந்துதான் அடுப்புக்கு எடுப்பார்கள். கரண்டு ஆணி வழியாக இறங்கிவிடுமாம். நானும் சிரித்துவிட்டு விட்டுவிட்டேன். ஆணி செருகினால் என்ன, அரிவாள் செருகினால் என்ன, மில்லுக்கு வந்தால் சரி.

இப்போது மச்சானைச் சொல்கிறேன். என் வீட்டுக்காரியோடு பிறந்த அண்ணன். ஊரில் பெரிய சம்சாரி, நிலபுலம் ஏராளம். பக்திமான். வரப்போரம் ஊமத்தைச் செடி வளர விட்டு, பிரதோஷம் தவறாமல் ஊமத்தம்பூ பறித்துக் கோயிலுக்கு அனுப்புகிறவர். எனக்குப் பெண் கொடுத்ததுதான் ஆயுசில் தான் செய்த ஒரே தப்பு என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவர். மில்லுக்கு அஸ்திவாரம் தோண்டுகிறபோது வந்து நின்று, "மில்லு வைக்கிறியாம்ல மாப்ளே? மொதல்ல ஒன் இடுப்பு வேட்டி அவுறாம நடந்து பழகு" என்றார். அதற்கு முன்னால் நான் அவர் களத்தில் கதிர் மிதிக்கிற பிணையல் மாடு ஓட்டினவன். மில் நின்றுபோனால் திரும்ப அதே களத்துக்குத்தான் போய் நிற்க வேண்டும். அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அந்த வருஷம் அவர் புஞ்சையில் கிணறு வெட்டிக்கொண்டிருந்தார். வெட்டுகிற ஆட்களுக்குத் தெம்புக்காக, புதுக்கொள்ளை வறுத்து, என் மில்லில் அரைத்து, கருப்பட்டி போட்டு உருண்டை பிடித்துக் கொடுத்தார்கள். பகல் சாப்பாட்டோடு ஆளுக்கு ஒரு உருண்டை.

பொழுது சாய்கிறதற்குள் அங்கே நடந்த கூத்தை என்னவென்று சொல்ல! ஒரு ஆள் சமதரையில் குப்புறப் படுத்துக்கொண்டு, இல்லாத கயிற்றைப் பிடித்து இறங்குகிறான். "விட்ராதிய, விட்ராதிய" என்று கத்துகிறான். இன்னொருத்தன் கடப்பாறைக்கு மாலை போடுகிறான், மாலையும் இல்லை. மேஸ்திரி, அவர் ரொம்ப மரியாதையான மனுஷன், காற்றில் நூல் நூலாக எதையோ பிடித்துப் பிடித்து மடியில் சேர்க்கிறார். யாரைக் கூப்பிட்டாலும் திரும்பவில்லை. கண் கருமணி மட்டும் விரிந்து, வெள்ளையே தெரியவில்லை.

வண்டியில் போட்டு டிஸ்பென்சரிக்குக் கொண்டுபோனார்கள். மதுவிலக்கு இருந்த காலம். கம்பவுண்டர் முதல் காரியமாக ஒவ்வொருத்தன் வாயாக மோந்து பார்த்தார். சாராய வாடை இல்லை. "என்ன தின்னாங்க?" என்று கேட்டார். கொள்ளு மாவு உருண்டை. யாருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. ஒருத்தன் பாடு ரொம்பக் கஷ்டமாகி, பிழைத்ததே பெரிசு. மற்றவர்களுக்கு மறுநாள் தெளிந்தது. தெளிந்தவர்களுக்கு எதுவும் ஞாபகம் இல்லை.

அப்போதுதான் மச்சான் வீட்டு வேலைக்காரி வாயைத் திறந்தாள்: "அன்னைக்கு அவசரத்துல மாவுல ஆணி செருகலைங்க."

அவ்வளவுதான். தீர்ப்பாகிவிட்டது. கரண்டு இறங்காத மாவைத் தின்றார்கள், கரண்டு மூளைக்கு ஏறிவிட்டது. எங்கள் ஊர் மட்டுமில்லை, சுற்றுப்பட்டிக்கெல்லாம் அந்தச் சேதி பஸ்ஸைவிட வேகமாகப் போனது. மில்லுக்கு ஈ காக்கை வரவில்லை. பரணில் ஏற்றின திருகைகள் எல்லாம் இறங்கிவிட்டன. நான் தெருவில் போனால் கழுத்தை நொடித்துக்கொண்டு, "கிறுக்கு மில்லுக்காரர் வாராக" என்பார்கள். மச்சான் என் வாசலுக்கே வந்து, "மாப்ளே, களத்துல மாடு ஒன்னையக் காணாம அழுவுது" என்றார். என் வீட்டுக்காரி உள்ளே இருந்து, "அண்ணே, மாட்டை நீங்களே சமாதானப்படுத்துங்க, உங்களுக்குத்தான் அது பாஷை தெரியும்" என்றாள். அவள் அப்படி.

நான் மில்லைப் பூட்டிக்கொண்டு உள்ளே உட்கார்ந்து யோசித்தேன். படிக்காதவன் யோசிக்கிற மாதிரி யோசித்தேன். வரகில் கிறுக்கு வரகு என்று ஒன்று உண்டு, எங்கள் பக்கம் எல்லாருக்கும் தெரியும். மழையில் நனைந்து கெட்டுப்போன வரகைத் தின்றால் தலை சுற்றும், கை கால் உதறும், உளறும். கரண்டு வருகிறதற்கு எத்தனையோ காலம் முன்னாடியே வரகுக்குக் கிறுக்கு இருந்திருக்கிறதே, அது எந்த மில்லில் அரைத்தது? அப்படியானால் கிறுக்கு தானியத்தில் இருக்கலாம், கல்லில் இருக்க வேண்டியதில்லை. கொள்ளில் யாரும் அப்படிக் கண்டதில்லைதான். கண்டதில்லை என்றால் இல்லை என்று ஆகிவிடுமா? இந்த யோசனை யாருக்கு வந்தது? மலர் போட்டவர்கள் இதை முதலில் எழுதிக்கொள்ள வேண்டும்.

மறுநாள் காலையில் கோயில் வாசலில் ஊர் கூடியிருந்தது. மில்லை மூடச் சொல்லத்தான் கூட்டம். நான் நடுவில் போய் நின்றேன்.

"மச்சான், உங்க வீட்டுல அந்தக் கொள்ளு மிச்சம் இருக்கா?"

"சாக்குல இருக்கு. ஏன், அதையும் கெடுக்கணுமா?"

"அதே சாக்குல இருந்து கொஞ்சம் எடுங்க. பாதியை இந்தக் கூட்டத்துக்கு முன்னால நான் மில்லுல அரைக்கிறேன். பாதியை உங்க வீட்டு அக்கா உங்க திருகையில அரைக்கட்டும். மில்லு மாவை நான் திங்கிறேன். திருகை மாவை நீங்க தின்னுங்க. எனக்கு மட்டும் கிறுக்குப் பிடிச்சா, கரண்டு. நானே மில்லை இழுத்து மூடுறேன். ரெண்டு பேருக்கும் பிடிச்சா, கொள்ளு."

கூட்டத்தில் ஒருத்தர் கேட்டார்: "ரெண்டு பேருக்கும் பிடிக்கலைன்னா?"

"அப்ப இந்தக் கூட்டத்துக்குப் பிடிச்சிருக்குன்னு அர்த்தம்."

மச்சானுக்கு முகம் சிவந்துவிட்டது. "என் கொள்ளைச் சந்தேகப்படுறியா? சிவனுக்குப் பூக் குடுக்குற பூமிடா அது! கொண்டாங்கடி திருகைய!"

என் வீட்டுக்காரி என்னைத் தனியாக இழுத்தாள். "ஏற்கெனவே பாதி இருக்கு ஒங்களுக்கு. மீதியையும் வாங்கிக்கிட்டு வரப்போறீகளா?" என்றாள். கண்ணில் தண்ணீர். "ஏண்டி, மில்லு வேணுமா வேண்டாமா?" என்றேன். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "கருப்பட்டி நான் தட்டித் தாரேன்" என்று போய்விட்டாள்.

தின்றோம். எதிரெதிரே உட்கார்ந்து, ஊர் பார்க்க, உருண்டையை வாயில் போட்டோம். இதைப் படிக்கிற சின்னப் பிள்ளைகள் யாரும் விளையாட்டுக்குக்கூட இதைச் செய்துவிடக் கூடாது. செத்தவர்கள் உண்டு. எங்கள் இரண்டு பேர் கட்டை கெட்டி, பிழைத்தோம். அன்றைக்கு அது ஊமத்தை என்று எங்களுக்குத் தெரியாது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

முதலில் நாக்கு உலர்ந்தது. தேங்காய் நாரை வாயில் அடைத்த மாதிரி. தண்ணீர் கொடுத்தார்கள், தொண்டை வாங்க மாட்டேன் என்றது. நெஞ்சு தவில் வாசிக்கிறது. வெயில் கண்ணைக் குத்துகிறது. பிறகு திடீரென்று, ஐயா, எப்படிச் சொல்வேன்! அதுவரைக்கும் நான் பார்த்த உலகம் லோ வோல்டேஜில் எரிந்த பல்பு. அன்றைக்கு யாரோ முழுக் கரண்டையும் திறந்துவிட்டார்கள்!

சித்தன்னவாசல் குகைக்குள் மேல்கூரையில் தாமரைக் குளம் எழுதியிருப்பார்கள். கல் உடைக்கப் போன காலத்தில் அண்ணாந்து பார்த்திருக்கிறேன். அந்தக் குளம் அப்படியே இறங்கி வந்து கோயில் வாசலில் விரிந்துவிட்டது! மீன் துள்ளுகிறது. யானை தும்பிக்கையால் தாமரையைப் பிடுங்குகிறது. நான் வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு இறங்கினேன். ஊரே சிரிக்கிறதாம், எனக்கு அது தவளைச் சத்தமாகக் கேட்கிறது. அந்தக் குளத்துக்கு அக்கரையில் என் மில்! கோபுரம் உயரத்துக்கு வளர்ந்து நிற்கிறது. பெல்ட் ஆகாசத்தில் ஓடுகிறது. அரைக்க வந்தவர்கள் வரிசை கண்ணுக்கெட்டின தூரம் வரைக்கும். வரிசைக் கடைசியில் நீலமாக என்னமோ நெளிகிறதே என்று பார்த்தால், கடல்! கோட்டைப்பட்டினத்துக் கடல் எழுந்து வந்து நிற்கிறது, தலையில் உப்பு மூட்டையோடு. உப்பை அரைத்துத் தரணுமாம். "வரிசையில வாங்க, கடலா இருந்தாலும் வரிசையில வாங்க!" என்று நான் கத்தினேன். பெரிய பெரிய ஆட்கள் எல்லாம் சத்தம் போடாமல் நிற்கிறார்கள். எங்கள் வீட்டு எருமை கணக்குப்பிள்ளையாக உட்கார்ந்து, "நீங்க அடுத்து, நீங்க அடுத்து" என்று தலையை ஆட்டுகிறது. அந்தச் சந்தோஷத்தை நான் என் கல்யாணத்தில்கூடப் பார்த்ததில்லை. என் வீட்டுக்காரி இதைப் படிக்க மாட்டாள், தைரியமாக எழுதுகிறேன்.

இவ்வளவுதான் எனக்கு நினைவு. மீதி எல்லாம் துண்டு துண்டாக, பார்த்தவர்கள் சொன்னது.

மச்சான் பாடும் அதே பாடுதான். திருகை மாவு அவரை என்னைவிடச் சீக்கிரம் தூக்கிவிட்டதாம். இரண்டு விரலை வாயில் வைத்து இல்லாத பீடியை இழுத்திருக்கிறார். அணைந்துவிட்டதென்று, "மாப்ளே, தீப்பெட்டி இருக்கா?" என்று கேட்டிருக்கிறார். நான் குளத்திலிருந்து ஏறி வந்து, இல்லாத குச்சியைக் கிழித்து, காற்றுக்குக் கையை அணை கொடுத்துப் பற்றவைத்தேனாம். ஒரு பீடியை இரண்டு பேரும் மாற்றி மாற்றிக் குடித்தோமாம். கல்யாணமான நாள் முதலாக என்னோடு ஒரு பந்தியில் உட்காராத மனுஷன்! "ஏ மச்சான், சாம்பலைத் தட்டுடா" என்று நான் அதட்ட, அவர் பவ்யமாகத் தட்டினாராம். கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உருண்டிருக்கிறது.

பிறகு நான் மறுபடி கடலுக்கு அரைத்துக் கொடுக்கப் போய்விட்டேன். மச்சான் எழுந்து, கோயில் வாசல் விளக்குத்தூணைக் கட்டிப் பிடித்துக்கொண்டாராம். அவருக்கு அது செத்துப்போன அவர் அப்பாவாகத் தெரிந்திருக்கிறது. தூணைப் பார்த்து அழுதுகொண்டே சொன்னாராம்: "அப்பா, தங்கச்சியை நல்ல கையிலதாம்ப்பா குடுத்திருக்கேன். ஒண்ணுமில்லாத பய, பாறையில மில்லு கட்டிப்புட்டான். மாவு பட்டா இருக்குப்பா. எனக்குத்தான் வாய் வர மாட்டேங்குது."

கூட்டத்தில் சிரிப்பு நின்றுவிட்டதாம். என் வீட்டுக்காரி அங்கேயே உட்கார்ந்து அழுதாளாம். ஆயுசில் அந்த மனுஷன் என்னைப் பாராட்டின ஒரே தடவை அது. நான் அப்போது எருமையோடு பேசிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் தெளிந்து எழுந்தோம். கண் சரியாகவில்லை. கிட்டத்தில் என் கைரேகையே எனக்குத் தெரியவில்லை, சோற்றையும் குழம்பையும் பிரித்துப் பார்க்க முடியவில்லை. ஆனால் ஒரு அதிசயம், தூரம் நன்றாகத் தெரிந்தது. நான் நேரே மச்சான் களத்துக்குப் போனேன். எல்லாரும் சாக்குக்குள் குனிந்து குனிந்து கொள்ளைப் பார்க்கிறார்கள். நான் குனிந்து என்ன பயன்? நிமிர்ந்து பார்த்தேன். அங்கிட்டு, புஞ்சைக் கோடியில், வரப்பு மேலே, வெள்ளை வெள்ளையாக ஊமத்தம்பூ! வரப்பு நெடுகச் செடி. ஒரு இடத்தில் மட்டும் செடி இல்லை, பிடுங்கின பள்ளம் இருக்கிறது. கொள்ளு அறுவடையில் செடியோடு பிடுங்கிக் களத்துக்கு அள்ளுவார்கள். அள்ளின கையோடு, காய்ந்த ஊமத்தங்காய் நின்ற செடிகளையும் சேர்த்து அள்ளிவிட்டார்கள்.

"சுளகை எடுங்க!" என்று கத்தினேன். "கொள்ளைப் பொறுக்குங்க, கொள்ளு மாதிரி இருந்து கொள்ளா இல்லாததைப் பொறுக்குங்க!" பொறுக்கினார்கள். கொள்ளு நிறத்திலேயே, கொள்ளு அளவிலேயே, தட்டையாக, ஊமத்தை விதை. கருப்பட்டித் தித்திப்பில் கசப்புத் தெரியாமல் போயிருக்கிறது. சிவனுக்குப் பூக் கொடுத்த பூமிதான், சந்தேகமில்லை. பூவைச் சிவன் எடுத்துக்கொண்டார், காய் எங்களுக்கு வந்துவிட்டது.

அன்று மத்தியானமே மில் வாசலில் வரிசை. கடல் மட்டும்தான் வரவில்லை. மச்சான் வரப்பை வெட்டிச் சுத்தம் செய்து, ஊமத்தையைக் கோயில் குளக்கரையில் வேலி போட்டு வைத்தார். ஆணி செருகுகிற பழக்கத்தைச் சில வீட்டில் மட்டும் விடவில்லை. இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

கொஞ்ச நாள் கழித்து மச்சானிடம் கேட்டேன். "விளக்குத்தூண்கிட்ட என்னமோ சொன்னீகளாமே?"

"நானா? கல்லுகிட்டயா? போடா மாப்ளே, அது கொள்ளு பேசினது."

நான் இதை இத்தனை வருஷமாக யோசித்துவிட்டேன். ஊமத்தைக்குப் பேசத் தெரியுமா? தெரியாது. எனக்குக் காட்டின வரிசை எங்கே இருந்து வந்தது? அது எனக்குள் ஆசையாகக் கிடந்த வரிசைதானே! மில் வாசலில் ஜனம் நிற்க வேண்டும், பெரிய ஆள் எல்லாம் என்னிடம் காத்திருக்க வேண்டும். எனக்குள் இருந்ததைத்தான் அது ஊதிப் பெரிசாக்கிக் காட்டியது. அந்தக் குளம்கூட நான் அண்ணாந்து பார்த்த குளம்தான். அப்படியானால் மச்சான் தூணிடம் சொன்னதும் அவருக்குள் இருந்ததுதான். கொள்ளு பேசவில்லை. கொள்ளு கதவைத் திறந்தது, பேசினது என் மச்சான்.

ஆகவே மலர் போட்டவர்களுக்கு நான் சொல்வது இது. அவர் படத்தை எடுக்க வேண்டாம். அவரும் தின்றவர், என் உயிருக்குச் சரியாகத் தன் உயிரை வைத்தவர். அந்தப் படத்துக்குப் பக்கத்தில், அதே அளவில், என் படத்தையும் போட வேண்டும். இரண்டு மாவு யோசனையைச் சொன்னது யார், மில் மாவைத் தின்றது யார், வரப்பில் பூவைப் பார்த்தது யார், மூன்றையும் போட வேண்டும். அதற்கும் கீழே, அவர் விளக்குத்தூணிடம் சொன்னதை ஒரு எழுத்து விடாமல் போட வேண்டும். கேட்டவர்கள் இன்னும் இருக்கிறார்கள். என் வீட்டுக்காரி முதல் சாட்சி. நான் அன்றைக்குக் கேட்கவில்லை, கேட்கிற நிலையில் இல்லை. இப்போது தெளிந்த புத்தியோடு, அச்சில் படிக்க வேண்டும்.

மில் வாசலில் நின்று எடுத்த படம் என்னிடம் இருக்கிறது. ஆள் அனுப்புங்கள்.